விளம்பரமாகப் பிறந்த வெளிச்சம்: நியூயார்க் கோபுரங்களின் இரவு வரலாறு

உயர்ந்த கட்டடங்களின் முகப்பையும் முடியையும் இரவில் மின்விளக்குகளால் ஒளியூட்டி, நகரத்தின் வெளிக்கோட்டையே ஒரு காட்சியாக்கும் வழக்கம் இன்று ஹாங்காங், ஷாங்காய், துபாய் முதலிய வணிக நகரங்கள் பலவற்றிலும் பரவியிருப்பினும், அது திருவிழாக் காலத்துக்கு மட்டும் உரியதாக இல்லாமல் ஆண்டு முழுவதும் நடைபெறும் நிலையான வழக்கமாக வேரூன்றிய இடங்களுள் தலையாயது நியூயார்க். இருபதாம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டில் அந்நகரின் சில தனியார் நிறுவனங்கள் தம் தலைமை அலுவலகக் கோபுரங்களுக்கு விளக்கிட்டபோது தொடங்கிய இவ்வழக்கம், இரண்டு உலகப் போர்களையும் பெரும் பொருளாதார மந்தத்தையும் எண்ணெய் நெருக்கடியையும் கடந்து, இன்று கணினியால் இயக்கப்படும் பல வண்ண ஒளியாக வளர்ந்து நிற்கிறது. இதனைக் கட்டடக்கலை அழகின் ஒரு கிளையாக விவரிப்பதே பெருவழக்கு. எனினும், விளக்கை ஏற்றியவர் யார், அதற்கான செலவை எந்த ஆதாயம் கருதி ஏற்றார், பின்னர் அதை அணைக்கச் சொன்னவர் யார் என்னும் மூன்று கேள்விகளை முன்வைத்துப் பார்க்கும்போது, கடைக்காரரின் விளம்பரமாகப் பிறந்த ஒளி, ஊர்மக்கள் தம்முடையதெனக் கருதும் பொது அடையாளமாக மாறிய கதையாக இவ்வரலாறு விரிகிறது. உரிமை மட்டும் கைமாறாமல் கட்டட உரிமையாளரிடமே தங்கிவிட்டதால் எழுந்த சிக்கல்களும் இக்கதையின் பகுதியே.

விளிம்பு விளக்குகளின் காலம்

தாமஸ் எடிசன் 1882ஆம் ஆண்டு செப்டம்பர் 4ஆம் நாள் மன்ஹாட்டன் தீவின் தென்பகுதியில் பேர்ல் தெருவில் மின் நிலையத்தைத் தொடங்கி, அக்கம்பக்கத்து அலுவலகங்களுக்கும் கடைகளுக்கும் கம்பி வழியே மின்சாரம் வழங்கியபோது, அதன் பயன் அறைக்குள் வெளிச்சம் தருவதோடு நின்றது. மின்விளக்கு கட்டடத்தின் வெளிப்புறத்துக்கு வந்தது பொருட்காட்சிகளின் வழியாகும். 1893இல் சிகாகோவில் நடைபெற்ற கொலம்பிய உலகப் பொருட்காட்சியில் வெஸ்டிங்ஹவுஸ் நிறுவனம் மாறுதிசை மின்னோட்டத்தைக் கொண்டு வெண்ணிற மாளிகைகளின் விளிம்புகளை ஒளிரச் செய்தது. 1901இல் பஃபலோ நகரில் நடைபெற்ற பான்-அமெரிக்கப் பொருட்காட்சி, அருகிலிருந்த நயாகரா அருவியின் நீர்மின்சாரத்தைப் பயன்படுத்தி, இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட சிறு பல்புகளைக் கட்டடங்களின் மீது பதித்தது.

இம்முறைக்கு விளிம்பு ஒளியூட்டல் என்று பெயர். தமிழ்நாட்டுக் கோயில் திருவிழாக்களில் கோபுரத்தின் அடுக்குகளைப் பின்பற்றிச் சீரியல் பல்பு கட்டுவது போல, கட்டடத்தின் ஓரங்கள், வளைவுகள், தூண்கள் ஆகியவற்றின் வழியே குறைந்த திறனுள்ள பல்புகளை வரிசையாகப் பொருத்தி, இருளில் அதன் வடிவத்தை ஒளிக்கோடுகளால் வரைந்து காட்டுவதே இதன் இயல்பு. பஃபலோவின் நடுநாயகமாக நின்ற மின்கோபுரத்தில் இவ்விளக்குகள் ஒரே நொடியில் பளிச்சென்று எரியவில்லை. மாலை மங்கும் வேளையில், மின்தடையை மெல்லக் குறைக்கும் கருவியின் துணையால், கம்பியிழைகள் முதலில் மங்கிய சிவப்பாகக் கனன்று, படிப்படியாக மஞ்சளாகி, சில நிமிடங்களில் முழு ஒளியை எட்டுமாறு அமைக்கப்பட்டிருந்தமையால், விளக்கு ஏறும் நேரமே அப்பொருட்காட்சியின் முதன்மை நிகழ்ச்சியாயிற்று. எடிசன் நிறுவனத்தின் படப்பிடிப்பாளர்கள் அக்காட்சியைத் திரைப்படமாகவும் பதிவு செய்தனர்.

விளிம்பு ஒளியூட்டலுக்குக் குறைகளும் இருந்தன. பல்லாயிரம் பல்புகளுள் ஒவ்வொன்றும் வெயிலுக்கும் மழைக்கும் ஆளாகிப் பழுதுபட்டது. சுவரின் நிறமும் சிற்ப வேலைப்பாடும் இருளில் மறைந்து கோடுகள் மட்டுமே கண்ணுக்குத் தென்பட்டன. பல்புகள் நேராகக் கண்ணில் அடித்துக் கூச்சத்தையும் உண்டாக்கின. இக்குறைகளுக்கு மாற்று தேடியவர்களுள் முதன்மையானவர், ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தின் ஒளியியல் பொறியாளரான வால்டர் டார்சி ரயன். விளக்கைப் பார்வைக்குத் தெரியாதவாறு மறைத்து, அதன் ஒளியைக் குவியாடியால் திரட்டிச் சுவரின் மீது பாய்ச்சினால், சுவரே ஒளிர்வது போலத் தோன்றும் என்பது அவர் வகுத்த நெறி. இதுவே ஒளிவெள்ள முறை. பேச்சுவழக்கில் ஃபோகஸ் லைட் எனப்படும் விளக்கின் வேலையும் இதுதான். 1907இல் அவர் தேடுவிளக்குகளின் துணைகொண்டு நயாகரா அருவிக்கே வண்ண ஒளியூட்டி இம்முறையின் ஆற்றலை நிறுவிக் காட்டினார்.

தையல் இயந்திரமும் காப்பீடும் சில்லறைக் கடையும்

நியூயார்க்கின் முதல் ஒளிக்கோபுரங்களின் உரிமையாளர்கள் பொதுமக்களிடம் சிறுகச் சிறுகப் பணம் திரட்டிய நிறுவனங்கள் என்பது கருதத்தக்கது. தமிழ்நாட்டுத் தையற்காரர்களுக்கும் நன்கு அறிமுகமான சிங்கர் தையல் இயந்திர நிறுவனம், கட்டடக் கலைஞர் எர்னஸ்ட் ஃப்ளாக் என்பவரைக் கொண்டு பிராட்வே சாலையில் 187 மீட்டர் உயரக் கோபுரத்தை 1908இல் கட்டி முடித்தபோது, உலகில் அதைவிட உயரமான அலுவலகக் கட்டடம் வேறில்லை. தவணை முறையில் இயந்திரம் விற்ற அந்நிறுவனத்துக்குத் தன் பெயர் சாதாரணக் குடும்பங்களின் நினைவில் நிற்பது இன்றியமையாததாக இருந்தது. பகலில் உயரம் ஆற்றிய அப்பணியை இரவிலும் தொடரும் பொருட்டு, கோபுரத்தின் தண்டுப்பகுதிக்குத் தேடுவிளக்குகளும் முடிப்பகுதிக்கு விளிம்பு பல்புகளும் பொருத்தப்பட்டன. பழைய முறையும் புதிய முறையும் ஒரே கட்டடத்தில் கைகோத்து நின்ற இவ்வமைப்பு, துறைமுகத்துக்குள் நுழையும் கப்பல்களின் கண்ணில் முதலில் படும் காட்சிகளுள் ஒன்றாயிற்று.

அடுத்த ஆண்டே அவ்வுயரத்தை விஞ்சி, 213 மீட்டர் உயரத்தில் மாடிசன் சதுக்கத்தருகே எழுந்த மெட்ரோபாலிட்டன் ஆயுள் காப்பீட்டு நிறுவனத்தின் கோபுரம், வெனிஸ் நகரின் புனித மாற்கு மணிக்கூண்டை முன்மாதிரியாகக் கொண்டது. அதன் உச்சியில் இருந்த விளக்குக்கூடு வெறும் அலங்காரமாக எரியாமல் மணி சொல்லும் வேலையையும் மேற்கொண்டது. கால் மணிக்கு ஒரு முறையும் அரை மணிக்கு இருமுறையும் எனச் சிவப்பொளி மின்னி நேரப் பகுதிகளை உணர்த்த, முழு மணிகளை வெள்ளொளி எண்ணிக்கை மாறாமல் மின்னிக் காட்டியது. காலங்கடந்து பணம் தரும் காப்பீட்டு ஒப்பந்தத்தின் நம்பகத்தன்மைக்கு இதைவிடப் பொருத்தமான குறியீடு கிடைப்பதரிது என்பதை உணர்ந்த நிறுவனம், ஒருபோதும் அணையாத ஒளி என்னும் பொருள்பட அமைந்த வாசகத்தைக் கோபுரத்தின் படத்தோடு சேர்த்துத் தன் விளம்பரங்களில் பயன்படுத்தியது.

மூன்றாவது கோபுரம் வுல்வொர்த் கட்டடம். ஐந்து காசு, பத்துக் காசு விலையில் சில்லறைப் பொருள்கள் விற்கும் கடைகளைத் தொடராக நிறுவிப் பெருஞ்செல்வரான ஃபிராங்க் வுல்வொர்த், கடன் வாங்காமல் சுமார் 1.35 கோடி டாலரை ரொக்கமாகச் செலவிட்டு, காஸ் கில்பர்ட் என்னும் கலைஞரின் வடிவமைப்பில் எழுப்பிய இக்கட்டடம் 241 மீட்டர் உயரமுடையது. 1913ஆம் ஆண்டு ஏப்ரல் 24ஆம் நாள் மாலை, குடியரசுத் தலைவர் உட்ரோ வில்சன் வாஷிங்டனிலிருந்தபடியே ஒரு பொத்தானை அழுத்த, நியூயார்க்கில் அக்கட்டடத்தின் சுமார் 80,000 விளக்குகள் ஒருசேர எரிந்தன. தனியார் வணிகக் கட்டடம் ஒன்றின் திறப்பு விழாவில் நாட்டின் தலைவரே விளக்கேற்றிய இந்நிகழ்ச்சி, விளம்பர ஒளிக்கு ஒரு பொதுச் சடங்கின் மதிப்பைத் தந்தது எனலாம். அதனினும் முக்கியமானது, 1914ஆம் ஆண்டின் இறுதியையொட்டி அக்கோபுரத்தின் மேற்பகுதிக்கு நிலையான ஒளிவெள்ள விளக்குகள் அமைக்கப்பட்டமையாகும். வுல்வொர்த்தின் புறச்சுவர், டெரகோட்டா எனப்படும் மெருகிட்ட சுடுமண் பலகைகளால் பாலேட்டின் நிறத்தில் அமைந்தது. அது தன்மீது விழுந்த ஒளியை நன்கு திருப்பி வீசியமையால், தொலைவிலிருந்து பார்ப்போருக்குக் கீழ்த்தளங்கள் இருளில் கரைய, முடி மட்டும் வானில் மிதப்பது போலத் தோன்றியது.

பல்பின் முன்னேற்றமும் மின் நிறுவனங்களின் கணக்கும்

இத்தகைய ஒளியூட்டல் சிங்கர் காலத்தைவிட எளிதானதற்கு விளக்கின் உள்ளமைப்பில் ஏற்பட்ட மாற்றமே காரணம். தொடக்ககாலத் தேடுவிளக்குகளில் இரு கரிக்கோல்களுக்கிடையே மின்பொறி பாய்ந்து ஒளி தந்தது. கரிக்கோல் எரிந்து தேயத் தேய அதனைச் சரிசெய்ய ஓர் ஆள் பக்கத்திலேயே நிற்க வேண்டியிருந்தது. கரியிழை பல்புகளுக்கு அத்தொல்லை இல்லையெனினும் ஒளி போதவில்லை. 1910ஆம் ஆண்டளவில் வில்லியம் கூலிட்ஜ் டங்ஸ்டன் உலோகத்தை நீட்டக்கூடிய இழையாக்கும் முறையைக் கண்டறிந்தார். 1913இல் இர்விங் லாங்மியூர், பல்பினுள் வெற்றிடத்துக்குப் பதிலாக வினைபுரியாத வாயுவை நிரப்பினால் இழை விரைவில் ஆவியாகாது என்றும், அதனால் அதனை மேலும் சூடாக்கிக் கூடுதல் ஒளி பெறலாம் என்றும் காட்டினார். இருவரும் ஜெனரல் எலெக்ட்ரிக் ஆய்வகத்தைச் சேர்ந்தவர்கள். சிறிய இடத்திலிருந்து பேரொளி தரும் இப்பல்பைக் குவியாடியின் முன் வைத்துப் பெட்டிக்குள் அடைத்ததும், ஆள் துணையின்றி இரவு முழுவதும் மொட்டைமாடியில் எரியக்கூடிய ஒளிவெள்ள விளக்கு உருவாயிற்று.

1915இல் சான் பிரான்சிஸ்கோவில் நடைபெற்ற பனாமா-பசிபிக் பொருட்காட்சியில் ரயன் இம்முறையை முழு அளவில் செயல்படுத்தினார். 435 அடி உயர அணிகலன் கோபுரத்தின் மீது, பின்புறம் சிறு கண்ணாடி பதித்த ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பட்டை தீட்டிய கண்ணாடிக் கற்கள் கொக்கிகளில் தளர்வாகத் தொங்கவிடப்பட்டன. கடற்காற்றில் அவை அசையும்தோறும் மறைவிடத்து விளக்குகளின் ஒளி சிதறி மின்னியது. பார்வையாளருக்கு ஒரு பல்புகூடத் தெரியாமல் நகரளவு பரப்பு ஒளிர்ந்த அந்நிகழ்ச்சிக்குப் பின்னர், அமெரிக்காவில் விளிம்பு விளக்குமுறை பழைமைப்பட்டதாகிவிட்டது. 1916 டிசம்பரில் நியூயார்க்கின் சுதந்திர தேவி சிலைக்கும் ஒளிவெள்ள விளக்குகள் அமைந்தன. அதற்கான நிதியை ஒரு செய்தித்தாள் வாசகரிடமிருந்து திரட்டியது. தேசியச் சின்னம் ஒன்று கடைக்காரரின் கோபுரத்தைப் பின்பற்றி ஒளிபெற்றது என்பது இவ்வழக்கம் வளர்ந்த திசையைக் காட்டுகிறது.

மின் விற்பனையாளர்களுக்கும் இதில் நேரடி ஆதாயம் இருந்தது. மின் நிலையத்தின் இயந்திரங்கள் மாலை உச்சநேரத் தேவையைக் கருதி அமைக்கப்படுபவை. அலுவலகங்களும் தொழிற்சாலைகளும் மூடியபின் அவற்றின் திறனில் பெரும்பகுதி பயன்படாமல் கிடக்கும். முகப்பு விளக்குகள் அந்த வேளையில் மின்சாரம் வாங்கும் வாடிக்கையாளரை உருவாக்கின. ஆகவே விளக்கு உற்பத்தியாளர்களும் மின் நிறுவனங்களும் கட்டட உரிமையாளர்களுக்கு ஆலோசனையும் வடிவமைப்பு உதவியும் அளித்து இவ்வழக்கத்தை ஊக்குவித்தனர். 1928இல் பதினான்காம் தெருவருகே தன் தலைமையகத்துக்குக் கோபுரம் எழுப்பிய கன்சாலிடேட்டட் கேஸ் என்னும் எரிவாயு, மின் நிறுவனம், அதன் உச்சியில் பெரிய விளக்குக்கூட்டை அமைத்து அதற்கு ஒளிக்கோபுரம் என்றே பெயரிட்டது. முதல் உலகப் போரில் உயிரிழந்த தன் ஊழியர்களின் நினைவாகவும் அக்கோபுரம் அமைந்தது. சரக்கின் விளம்பரமும் நினைவுச்சின்னமும் ஒரே விளக்கில் இணைந்தமைக்கு அது சான்று.

படிக்கட்டு வடிவமும் இரவுக் கட்டடக்கலையும்

இவ்வொளியூட்டலுக்குப் பொருத்தமான கட்டட வடிவத்தை வழங்கியது எதிர்பாராத வகையில் ஒரு நகராட்சிச் சட்டமாகும். செங்குத்தாக எழும் பெருங்கட்டடங்கள் தெருவுக்கு வெயிலும் காற்றும் வராமல் மறைக்கின்றன என்ற முறையீட்டின் விளைவாக 1916இல் நியூயார்க் நகரம் இயற்றிய மண்டலச் சட்டம், குறிப்பிட்ட உயரத்துக்கு மேல் கட்டடம் தெருவிலிருந்து உள்வாங்கி எழ வேண்டும் என்று விதித்தது. இதனால் 1920களின் கோபுரங்கள் படிப்படியாகக் குறுகி உயரும் வடிவம் பெற்றன. ஒவ்வொரு படியும் ஒரு திறந்த மேடையாக அமைந்து, தெருவில் நிற்போர் கண்ணில் படாமல் விளக்குகளை வைப்பதற்கும், அங்கிருந்து மேலடுக்கின் சுவர் மீது ஒளி பாய்ச்சுவதற்கும் ஏற்ற இடமாயிற்று. பகல் வெளிச்சத்தைக் காக்க வந்த சட்டம், இவ்வாறு இரவு வெளிச்சத்துக்கும் வழிவகுத்தது.

1924இல் ரேமண்ட் ஹூட் வடிவமைத்த அமெரிக்கன் ரேடியேட்டர் கட்டடம் இவ்வாய்ப்பை நன்கு பயன்படுத்திக்கொண்டது. வீடுகளுக்கு வெப்பமூட்டும் கருவிகளைத் தயாரித்த நிறுவனத்துக்கான அக்கட்டடம் கருஞ்செங்கல்லால் எழுந்து, முடியில் பொன்னிற வேலைப்பாடு கொண்டது. இரவில் அம்முடியின் மீது ஒளி பாய்ச்சியபோது, கரிக்குவியலின் உச்சியில் தணல் கனல்வது போன்ற தோற்றம் உண்டாகி, உரிமையாளரின் தொழிலையே சொல்லாமல் சொல்லிற்று. ஓவியர் ஜார்ஜியா ஓ'கீஃப் 1927இல் அதன் இரவுக் கோலத்தை வரைந்த ஓவியம் இன்றும் புகழுடன் விளங்குகிறது. சிகாகோவில் 1921இல் எழுந்த ரிக்லி கட்டடத்தின் உரிமையாளர் சூயிங்கம் விற்பனையாளர். அதன் சுடுமண் பலகைகள் மேலே செல்லச் செல்ல வெண்மை மிகுமாறு ஆறு நிறச்சாயல்களில் பதிக்கப்பட்டமையால், ஒளி உச்சியை நோக்கிக் கூடிக்கொண்டே செல்வது போலத் தோன்றியது. இக்காலத்தில் ஹூட் முதலிய கலைஞர்கள், கட்டடத்தை முதலில் கட்டிவிட்டுப் பின்னர் விளக்கிடுவதைவிட, இரவில் அது எவ்வாறு தோன்ற வேண்டும் என்பதை வரைபட நிலையிலேயே தீர்மானிக்க வேண்டும் என்று கருதி, அதனை இரவின் கட்டடக்கலை என்று அழைத்தனர்.

ஆயினும் திட்டமிட்டவை எல்லாம் நிறைவேறவில்லை. 1930இல் வில்லியம் வான் ஆலன் கட்டி முடித்த 319 மீட்டர் உயரக் கிரைஸ்லர் கட்டடத்தின் துருவேறா எஃகு முடியிலுள்ள முக்கோணச் சாளரங்களுக்கு ஒளியூட்டும் எண்ணம் தொடக்க வரைபடங்களிலேயே இருந்தும், அது 1981இல்தான் ஒளிர்குழல் விளக்குகளால் நிறைவேறியது. அரை நூற்றாண்டு இடைவெளிக்குப் பின் ஏற்றப்பட்ட அவ்விளக்குகளே இன்று அக்கட்டடத்தின் முத்திரைக் காட்சியாகக் கருதப்படுகின்றன.

அணைந்த ஆண்டுகள்

இவ்வொளியின் வரலாற்றில் இருண்ட இடைவெளிகளும் உண்டு. முதல் உலகப் போரின்போது, நிலக்கரியைச் சேமிக்கும் பொருட்டு, வாரத்தின் சில இரவுகளில் விளம்பர, அலங்கார விளக்குகளை எரிக்கலாகாது என்று அமெரிக்க எரிபொருள் நிர்வாகம் ஆணையிட்டது. இரண்டாம் உலகப் போரில் காரணம் இதனினும் கடுமையாக இருந்தது. 1942இன் தொடக்கத்தில் ஜெர்மானிய நீர்மூழ்கிக் கப்பல்கள் அமெரிக்காவின் கிழக்குக் கரையில் உலவியபோது, நகரத்தின் ஒளிப்பின்னணியில் சரக்குக் கப்பல்களின் நிழலுருவம் தெளிவாகத் தெரிந்து, அவை எளிதில் தாக்குதலுக்கு உள்ளாயின. அதன் விளைவாக நியூயார்க்கில் ஒளிக்குறைப்பு நடைமுறைக்கு வந்து, கோபுர முடிகளும் டைம்ஸ் சதுக்கத்து விளம்பரப் பலகைகளும் இருண்டன.

போருக்குப் பின் கட்டடக்கலையின் போக்கே மாறிற்று. 1952இன் லீவர் ஹவுஸும் 1958இன் சீக்ராம் கட்டடமும் கண்ணாடிச் சுவர்களுடன் நேர்க்கோட்டில் எழுந்தன. ஒளி பாய்ச்சுவதற்கு மெருகிட்ட சுடுமண்ணோ படிமேடையோ அவற்றில் இல்லை. சீக்ராம் கட்டடத்தில் ஒளிவடிவமைப்பாளர் ரிச்சர்ட் கெல்லி, ஒவ்வொரு தளத்திலும் சன்னலோர மேற்கூரையையே ஒளிரும் பரப்பாக அமைத்து, கோபுரம் உள்ளிருந்தே ஒளிவிடுமாறு செய்தார். அலங்கார ஒளி என்று தனியாக ஒன்று வேண்டியதில்லை, வேலை செய்யும் ஒளியே போதும் என்ற கருத்து இக்காலத்தில் மேலோங்கியது. இதற்கு விலக்காக நின்றது பழைய தலைமுறைக் கட்டடமான எம்பயர் ஸ்டேட்.

எம்பயர் ஸ்டேட்டும் வண்ணங்களின் வருகையும்

1931 மே முதல் நாள் திறக்கப்பட்ட 381 மீட்டர் உயர எம்பயர் ஸ்டேட் கட்டடத்தின் உச்சியிலிருந்து முதலில் வீசிய ஒளி ஒரு செய்தி அறிவிப்பாகும். 1932 நவம்பரில் ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட் தேர்தலில் வென்றதைச் சுற்றுவட்டாரத்துக்கு உணர்த்த அங்கிருந்து தேடுவிளக்கு ஒளிர்ந்தது. 1956இல் சுழலும் நான்கு பெருவிளக்குகளும், 1964இல் உலகப் பொருட்காட்சியையொட்டி மேலுள்ள முப்பது தளங்களுக்கு வெண்ணிற ஒளிவெள்ள விளக்குகளும் சேர்ந்தன. 1973 அக்டோபரில் அரபு நாடுகள் எண்ணெய் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தியதால் எரிபொருள் நெருக்கடி மூண்டபோது இவ்விளக்குகள் அணைக்கப்பட்டு, 1974 ஜூலை வரை எரியாமல் இருந்தன.

வண்ணத்தைக் கொண்டு வந்தவர் டக்ளஸ் லீ. டைம்ஸ் சதுக்கத்தில் வாயிலிருந்து ஆவி வளையம் விடும் சிகரெட் விளம்பரம் உள்ளிட்ட பெரும் மின்பலகைகளை அமைத்துப் பெயர்பெற்ற அவர், தம் தொழிலின் பிற்பகுதியில் நகரத்தின் கோபுர முடிகளுக்கு ஒளியூட்டும் பணியில் இறங்கினார். 1976இல் அமெரிக்கச் சுதந்திரத்தின் இருநூறாம் ஆண்டு விழாவை முன்னிட்டு எம்பயர் ஸ்டேட் கட்டடம் சிவப்பு, வெள்ளை, நீல நிறங்களில் ஒளிர்ந்தது அவர் முயற்சியால்தான். நகராட்சி ஏறத்தாழத் திவால் நிலையை எட்டியிருந்த அந்த ஆண்டுகளில், ஊரின் மதிப்பு மீளும் என்ற நம்பிக்கையைத் தெரிவிக்கும் மலிவான வழியாகவும் இவ்வொளி பயன்பட்டது. விளம்பரப் பலகைகளை அமைத்தவரே நகரத்தின் வெளிக்கோட்டுக்கும் வண்ணம் தந்தார் என்பது, இருவகை ஒளிக்கும் வேர் ஒன்றே என்பதைத் தெளிவாக்குகிறது.

அதன்பின் வண்ணங்கள் ஒரு நாட்காட்டியாக வளர்ந்தன. தேசியத் தினங்கள், கிறிஸ்துமஸ், யூதர்களின் ஹனுக்கா, அயர்லாந்தியர்களின் புனித பேட்ரிக் நாள் என ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறச்சேர்க்கை ஏற்பட்டது. 1998இல் பாடகர் ஃபிராங்க் சினாட்ரா மறைந்தபோது, அவருடைய நீலக் கண்களை நினைவுகூரும் வகையில் நீல ஒளியும், 2002இல் இங்கிலாந்து அரசி எலிசபெத்தின் பொன்விழாவுக்கு ஊதா, பொன் நிறங்களும் ஏற்றப்பட்டன. கிங்காங் திரைப்படத்தின் நாயகி ஃபே ரே 2004இல் மறைந்தபோது, அக்கட்டடம் பதினைந்து நிமிடங்கள் விளக்கணைத்து அஞ்சலி செலுத்தியது. 2007 முதல் ஈகைத் திருநாளுக்குப் பச்சை நிறமும், அண்மை ஆண்டுகளில் தீபாவளிக்கு ஆரஞ்சு நிறமும் இந்தியச் சுதந்திர நாளுக்கு மூவண்ணமும் இடம்பெற்றுள்ளன. குடியேறிய ஒவ்வொரு சமூகமும் தன் நிறம் அக்கோபுரத்தில் ஏறுவதை நகரம் தன்னை ஏற்றுக்கொண்டதன் அடையாளமாகக் கருதத் தொடங்கியது.

நீண்டகாலம் இவ்வண்ண மாற்றம் கைவேலையாகவே நடைபெற்றது. 72ஆம் தளத்துக்கு மேலுள்ள படிமேடைகளில் தொழிலாளர்கள் காற்றையும் குளிரையும் பொருட்படுத்தாமல் ஏறி, ஒவ்வொரு விளக்கின் முகப்பிலும் வண்ணத் தகட்டைக் கழற்றி வேறொன்றை மாட்டியாக வேண்டும். நூற்றுக்கணக்கான விளக்குகளுக்கு இதைச் செய்வதற்குப் பல மணி நேரம் பிடித்தது. கிடைத்த நிறங்களும் ஏறத்தாழ ஒன்பதே. 2012இல் சுமார் 1,200 எல்.இ.டி. விளக்குகள் அவற்றின் இடத்தைப் பிடித்தன. சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய அடிப்படை நிறங்களைத் தரும் குறைகடத்திச் சில்லுகளின் ஒளியைப் பல்வேறு அளவுகளில் கலந்து 1.6 கோடிக்கு மேற்பட்ட சாயல்களைத் தரவல்ல இவற்றைக் கணினி ஒன்றே இயக்குகிறது. அவ்வாண்டு நவம்பரில் வானொலியில் ஒலித்த இசைக்கு ஏற்பக் கோபுரம் நிறம் மாறியபோது, விளக்கு நிலையான அணிகலனாக இருந்த நிலை மாறி நிகழ்த்துகலையின் கருவியாகவும் ஆயிற்று.

யாருடைய வானம்?

பொதுச்சின்னமாகக் கருதப்பட்ட ஒளிக்கு உரிமையாளர் தனியார் என்ற உண்மை, நிறங்கள் பெருகிய அளவுக்கு உரசலையும் பெருக்கியது. 2009 செப்டம்பரில் சீன மக்கள் குடியரசின் அறுபதாம் ஆண்டு விழாவுக்காகக் கோபுரம் சிவப்பும் மஞ்சளுமாக ஒளிர்ந்தபோது, திபெத் ஆதரவாளர்கள் முதலியோர் அதனை எதிர்த்துக் குரல் எழுப்பினர். அடுத்த ஆண்டில் அன்னை தெரசாவின் நூற்றாண்டு நாளான ஆகஸ்ட் 26 அன்று அவருடைய சபையின் நீல, வெள்ளை நிறங்களை ஏற்ற வேண்டும் என்று கத்தோலிக்க அமைப்பு ஒன்று விடுத்த வேண்டுகோளை, சமயத் தலைவர்களுக்காகவோ சமய அமைப்புகளின் கோரிக்கையின் பேரிலோ ஒளியூட்டுவதில்லை என்ற கொள்கையைக் காட்டி நிர்வாகம் மறுத்தது. நகர மன்ற உறுப்பினர்கள் சிலரும் அதைக் கண்டித்தனர்; எனினும் உரிமையாளரை வற்புறுத்த யாருக்கும் சட்டப்படி அதிகாரம் இல்லை. இவ்விரு நிகழ்ச்சிகளிலும் எதிர்ப்பாளர்கள் வாதிட்டது ஒரு தனியார் கட்டடத்தின் விளக்கைப் பற்றியே ஆயினும், அவர்கள் பேசிய முறை ஊர்ப்பொதுச் சொத்தைப் பற்றிப் பேசும் முறையாகவே இருந்தது.

வாக்குரிமையற்ற மற்றொரு தரப்பும் இவ்வொளியால் பாதிக்கப்படுகிறது. அட்லாண்டிக் கடலோரமாகத் தெற்கும் வடக்குமாக வலசை செல்லும் பறவைகளின் பாதையில் நியூயார்க் அமைந்துள்ளது. சிறு பறவைகளுள் பெரும்பாலானவை விண்மீன்களையும் புவியின் காந்தப்புலத்தையும் துணைகொண்டு இரவில் பறப்பவை. மேகம் தாழ்ந்த இரவுகளில் அவை கோபுர ஒளியால் ஈர்க்கப்பட்டு, அதைச் சுற்றிச் சுற்றியே களைத்து, சுவரிலும் கண்ணாடியிலும் மோதி மடிகின்றன. 1948 செப்டம்பரில் ஒரே இரவில் எம்பயர் ஸ்டேட் கட்டடத்தில் மோதி நூற்றுக்கணக்கான பறவைகள் இறந்தன. செப்டம்பர் 11 தாக்குதலின் நினைவாக 2002 முதல் ஏற்றப்படும் ஒளியஞ்சலி, 88 செனான் விளக்குகளால் வானில் இரு ஒளித்தூண்களை எழுப்புகிறது. 2008 முதல் 2016 வரையிலான காலத்தில் அதன் ஏழு இரவுகளை ரேடார் கொண்டு ஆராய்ந்து 2017இல் வெளியிடப்பட்ட ஆய்வு, சுமார் 11 லட்சம் பறவைகள் அவ்வொளியால் பாதிக்கப்பட்டதாக மதிப்பிட்டது. விளக்கை அணைத்தால் சில நிமிடங்களிலேயே பறவைகள் கலைந்து தம் வழியே செல்கின்றன என்பதும் அதே ஆய்வில் வெளிப்பட்டது. ஒளிக்கற்றைக்குள் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பறவைகள் சிக்கினால் இருபது நிமிடங்கள் விளக்கணைக்கும் ஏற்பாடு அந்நிகழ்ச்சியில் பின்பற்றப்படுகிறது. 2005 முதல் நியூயார்க்கின் பறவைப் பாதுகாப்புச் சங்கம் ஒன்று, வலசைப் பருவங்களில் நள்ளிரவுக்குப் பின் அலங்கார விளக்குகளை அணைக்குமாறு கோபுர உரிமையாளர்களிடம் வேண்டிவருகிறது. பெரிய கட்டடங்கள் சில அவ்வேண்டுகோளை ஏற்றுள்ளன.

ஒரு நூற்றாண்டுக்கும் மேற்பட்ட இவ்வரலாற்றில், விளக்கை ஏற்றியவர்கள் பெரும்பாலும் வணிகர்களே. அணைக்கும் ஆணையோ போரும் எரிபொருள் தட்டுப்பாடும் வந்தபோது அரசிடமிருந்து வந்தது. ஒளியூட்டிய கோபுரங்களுள் முதலாவதான சிங்கர் கட்டடம், அன்றுவரை வேண்டுமென்றே இடிக்கப்பட்ட கட்டடங்களுள் மிக உயரமானது என்ற பெயருடன் 1960களின் இறுதியில் தரைமட்டமாக்கப்பட்டபோது, அதன் உரிமையாளர் முடிவைத் தடுக்க நகரத்தால் இயலவில்லை. விளக்கைப் பொறுத்தவரையிலும் நிலைமை பெரிதும் மாறவில்லை. 2021இல் நியூயார்க் நகர மன்றம், வலசைப் பருவங்களில் தேவையற்ற வெளிவிளக்குகளை இரவில் அணைக்க வேண்டும் என்று சட்டமியற்றியபோது, அது நகர அரசின் பொறுப்பிலுள்ள கட்டடங்களுக்கு மட்டுமே பொருந்துவதாக அமைந்தது. ஊரார் அனைவரும் காணும் ஒளியை எப்போது ஏற்றுவது, எந்த நிறத்தில் ஏற்றுவது, எப்போது அணைப்பது என்பனவற்றைத் தனியார் கோபுரங்களில் இன்றும் உரிமையாளர்களே முடிவு செய்கின்றனர்.